பிரிட்டனின் மாலைப்பொழுதைத் திருடியது யார்?

 

சென்ற மாதம் நடந்த ஒரு கருத்தரங்கில் மூத்த பேராசிரியர் ஒருவர் பேச்சின் நடுவே, "தொலைக்காட்சி வந்தது, பிரிட்டனின் சமூக வாழ்க்கை செத்தது. இன்று கைபேசி உங்களுக்கும் அதையே செய்துகொண்டிருக்கிறது" என்றார். அரங்கிலிருந்த அனைவரும் தலையசைத்தோம். நானும்தான். தலையசைக்க எந்தச் சான்றும் எங்களுக்குத் தேவைப்படவில்லை என்பது விடுதிக்குத் திரும்பிய பின்னரே உறைத்தது. வானொலி ஆங்கிலத்தின் உச்சரிப்புக் குறித்த என் ஆய்வுக்காகப் பிரிட்டிஷ் ஒலிபரப்பின் தொடக்க கால வரலாற்றைச் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். வாசித்தவை எவையும் அந்த ஒற்றை வாக்கியத்துக்கு உடன்படவில்லை. அன்று எழுந்து சொல்லத் துணிவு வரவில்லை. அந்தக் கடனை இங்கே தீர்க்க முயல்கிறேன்.

முதலில், செத்ததாகச் சொல்லப்படும் அந்தச் சமூக வாழ்க்கை எத்தகையது? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனின் தொழில் நகரங்களில் வேலை முடிந்த மாலைக்குச் செல்லுமிடங்கள் சிலவே: 'பப்' எனப்படும் மதுக்கூடம், பாட்டும் நகைச்சுவையும் நிறைந்த மியூசிக் ஹால், சனிக்கிழமைப் பிற்பகலின் கால்பந்து மைதானம், தேவாலயம் சார்ந்த சங்கங்கள், பின்னர் வந்து சேர்ந்த திரையரங்கு. இப்பட்டியலைப் படிக்கும்போது ஒரு கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும்: இவை யாருடைய இடங்கள்? மதுக்கூடத்திலும் மைதானத்திலும் பெருமளவில் ஆண்களே நிறைந்திருந்தனர். தொழிலாளர் குடும்பத்துப் பெண்ணுக்குத் திரையரங்கே முதன்மையான வெளியிடமாக இருந்தது. கைக்குழந்தை உள்ளவளுக்கு அதுவும் அரிது. முதியோர், நோயாளிகள், பார்வையற்றோர், ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் வாழ்ந்தோர் ஆகியோரின் மாலைப்பொழுதைப் பற்றி அந்தப் பழம்பெருமைக் கதைகள் எதுவும் சொல்வதில்லை. வெளியே செல்ல முடிந்தவர்களின் நினைவுகளே பின்னாளில் ஒரு நாட்டின் நினைவாக எழுதப்பட்டன.

இந்தப் பின்னணியில்தான் 1922 நவம்பர் 14 அன்று லண்டன் நிலையத்திலிருந்து பிபிசியின் ஒலிபரப்புத் தொடங்கியது. ஆண்டுக்குப் பத்து ஷில்லிங் உரிமக் கட்டணம். மலிவான படிகக் கருவி வைத்திருந்தவர்கள் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு கேட்டனர். ஒருவர் கேட்கும்போது மற்றவர்கள் சும்மா இருக்கவேண்டும். ஆக, வானொலி முதலில் குடும்பத்தை ஒன்றுசேர்க்கும் கருவியாக வரவில்லை. வால்வும் ஒலிபெருக்கியும் பொருத்திய கருவிகள் பரவிய பின்னரே அது கணப்படுப்பின் அருகே இடம்பிடித்தது. மின்சாரம் எட்டாத வீடுகளில் அதற்கு மின்கலம் வேண்டும். கனமான அந்தக் கலத்தைச் சைக்கிள் கடைக்கோ மோட்டார்ப் பட்டறைக்கோ தூக்கிச் சென்று மின்னேற்றி வருவது அக்காலக் குடும்பங்களின் வழக்கமான வேலைகளுள் ஒன்று. இரண்டாம் உலகப்போர் தொடங்கிய 1939இல் உரிமங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 90 லட்சம். பத்தில் ஏழு குடும்பங்களில் வானொலி இருந்தது எனலாம்.

அதே 1939இல் ஹில்டா ஜென்னிங்ஸ், வினிஃப்ரெட் கில் ஆகிய இருவர் பிரிஸ்டல் நகரின் பார்ட்டன் ஹில் என்னும் தொழிலாளர் பகுதியில், வானொலி அன்றாட வாழ்வை எவ்வாறு மாற்றியது என்று மக்களிடம் நேரில் கேட்டு எழுதிய ஆய்வு வெளிவந்தது. மாலையில் ஆண்கள் வீட்டில் தங்கத் தொடங்கியதை அங்கே பலர் நல்ல மாற்றமாகவே கண்டனர். 'மதுக்கூடம் காலியாயிற்று' என்பதும் 'அப்பா வீட்டில் இருக்கிறார்' என்பதும் ஒரே நிகழ்வின் இரு விவரிப்புகள். எதை இழப்பென்று எழுதுகிறோம் என்பது நாம் எந்த வாசலில் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது.

இங்கே தமிழ்ச் சொல் ஒன்று எனக்குத் துணைக்கு வருகிறது. 'பொழுதுபோக்கு' என்ற சொல்லில் இடம் இல்லை. பொழுது இருக்கிறது. வானொலியின் உண்மையான சாதனையை விளங்கிக்கொள்ள இச்சொல்லே போதும் என்று தோன்றுகிறது. மக்கள் எங்கே அமர்ந்தனர் என்பதைக் காட்டிலும், எப்பொழுது எதைச் செய்தனர் என்பதையே அது ஆழமாக மாற்றியது.

சில நிகழ்ச்சிகளின் நேரத்தைப் பாருங்கள். 1940 ஜூனில் தொடங்கிய 'மியூசிக் வைல் யூ ஒர்க்', போர்க்காலத் தொழிற்சாலைகளில் வேலையின் வேகம் குன்றாதிருக்க நாளுக்கு இருமுறை ஒலிபரப்பான இசை. ஓய்வுக்குரிய பாட்டு அங்கே உழைப்புக்குள்ளேயே நுழைந்துவிட்டது. 1946 அக்டோபரில் வந்த 'உமன்ஸ் அவர்' பிற்பகல் இரண்டு மணிக்கு வைக்கப்பட்டது. மதிய உணவுப் பாத்திரங்களைக் கழுவி முடித்து, பள்ளிவிட்டுப் பிள்ளைகள் திரும்பும்வரை உள்ள இடைவெளி அது. 1950இல் தொடங்கிய 'லிசன் வித் மதர்' என்னும் சிறுவர் நிகழ்ச்சி அதற்குச் சற்று முன்னதாக, 1.45க்கு வந்தது. இல்லத்தரசியின் நாளில் ஓர் ஓய்வு நேரம் உண்டு என்பதை அரசோ தொழிற்சங்கமோ அறிவிக்கவில்லை. ஒரு நிகழ்ச்சி நிரல் அறிவித்தது. அந்த முதல் 'உமன்ஸ் அவர்' நிகழ்ச்சியை வழங்கியவர் ஓர் ஆண் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடவேண்டும்.

நிரலை எழுதுபவருக்கு அதிகாரம் உண்டு. பிபிசியின் முதல் தலைமை இயக்குநர் ஜான் ரீத், ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்குரியது என்று கருதியவர். அந்நாளில் கேளிக்கைக்கு அவர் இடமளிக்கவில்லை. மக்கள் என்ன செய்தனர்? வாரத்தில் ஆறு நாள் உழைத்தவர்களுக்கு ஞாயிறு ஒன்றே விடுமுறை. எனவே அவர்கள் அலைவரிசையைத் திருப்பி, கண்டத்திலிருந்து விளம்பரங்களோடு பாட்டு வழங்கிய ரேடியோ நார்மண்டியையும் ரேடியோ லக்சம்பர்க்கையும் கேட்டனர். பின்னர் தொலைக்காட்சிக் காலத்திலும் இதே கதை தொடர்ந்தது. மாலை ஆறிலிருந்து ஏழுவரை திரை வெறுமையாக இருக்கவேண்டும் என்பது விதி. பெற்றோர் குழந்தைகளைத் தூங்கவைக்கட்டும் என்ற எண்ணத்தில் அமைந்த அந்த இடைவெளி 1957 பிப்ரவரியில்தான் நீங்கியது. ஒளிபரப்பு நேரத்துக்கு அரசு விதித்திருந்த வரம்புகள் 1972 வரை நீடித்தன. ஆகவே 'தொலைக்காட்சி மாற்றியது' என்று சொல்லும்போது நாம் ஒரு பெட்டியைப் பற்றிப் பேசவில்லை. பிறருடைய மாலைப்பொழுது எவ்வாறு இருக்கவேண்டும் என்று முடிவெடுத்த மனிதர்களைப் பற்றியும், அம்முடிவை ஏற்றும் மீறியும் வாழ்ந்த மனிதர்களைப் பற்றியும் பேசுகிறோம்.

இனி, பேராசிரியரின் வாக்கியத்துக்கு வலுச் சேர்ப்பதாகத் தோன்றும் எண்களுக்கு வருவோம். 1946இல் பிரிட்டனின் திரையரங்குகளில் விற்ற நுழைவுச்சீட்டுகள் 163.5 கோடி. குழந்தை முதல் முதியவர் வரை ஆளுக்கு ஆண்டுக்கு முப்பது முறைக்கு மேல் என்று கணக்காகிறது. 1960இல் அது சுமார் 50 கோடி. 1984இல் வெறும் 5.4 கோடி. மறுபுறம், 1950இல் மூன்றரை லட்சத்துக்கும் குறைவாக இருந்த தொலைக்காட்சி உரிமங்கள் 1960இல் ஒரு கோடியைக் கடந்தன. இரு கோடுகளையும் ஒரே தாளில் வரைந்தால் தீர்ப்பு எழுதிவிட்டதாகவே தோன்றும்.

ஆனால் 1946க்கும் 1950க்கும் இடைப்பட்ட ஆண்டுகளைக் கவனியுங்கள். திரையரங்கின் சீட்டு விற்பனை சுமார் 140 கோடியாகக் குறைந்துவிட்டது. ஏறத்தாழ 24 கோடி வருகைகள் காணாமற்போயின. அப்போது நாட்டில் தொலைக்காட்சி இருந்த வீடுகளோ மிகச் சில. அவையா இத்தனை கோடிப் பேரைத் தடுத்து நிறுத்தின? கால்பந்தின் கதை இன்னும் தெளிவானது. 1948–49 பருவத்தில் லீக் ஆட்டங்களைக் காண வந்தோர் 4.1 கோடிக்கு மேல். 1961–62இல் அது சுமார் 2.8 கோடி. இக்காலத்தில் லீக் ஆட்டங்கள் தொலைக்காட்சியில் நேரலையாக வரவே இல்லை எனலாம். 1960இல் ஒருமுறை முயன்று கைவிட்டபின் 1983 வரை அந்தக் கதவு மூடியே இருந்தது. 'மேட்ச் ஆஃப் தி டே' என்ற தொகுப்பு நிகழ்ச்சி தொடங்கியதே 1964இல்தான். வீட்டில் கிடைக்காத ஒன்றுக்காக மக்கள் வீட்டில் தங்கியிருக்க முடியாது.

அப்படியானால் அவர்கள் எங்கே போயினர்? விடை வீட்டின் சுவர்களில் இருக்கிறது. போருக்குப் பிந்தைய பிரிட்டன் வீடு கட்டிய நாடு. இருண்ட, நெருக்கமான குடியிருப்புகளை இடித்து, நகரின் விளிம்பில் தோட்டமும் குளியலறையும் கொண்ட வீடுகளை உள்ளாட்சிகள் கட்டின. வாரத்துக்கு ஐந்து நாள் வேலை பரவலாயிற்று. தவணை முறையில் பொருள் வாங்க முடிந்தது. கார் வந்தது. பத்துப்பேர் ஒண்டிக் கிடந்த ஈரமான அறையிலிருந்து தப்பிக்கவே ஒருகாலத்தில் மனிதர்கள் மதுக்கூடத்தின் வெளிச்சத்துக்கு ஓடினர். தங்கத் தகுந்த வீடு கிடைத்தபோது தங்கினர்.

மைக்கேல் யங், பீட்டர் வில்மட் இருவரும் 1957இல் வெளியிட்ட கிழக்கு லண்டன் ஆய்வு இதன் மறுபக்கத்தையும் காட்டுகிறது. பெத்னல் கிரீன் பகுதியின் பழைய தெருக்களில் தாய்வீடும் அக்காள் வீடும் கூப்பிடு தூரத்தில் இருந்தன. அங்கிருந்து புதிய குடியிருப்புக்குப் பெயர்க்கப்பட்ட குடும்பங்களுக்கு நல்ல வீடு கிடைத்தது. உறவு எட்டாமற்போயிற்று. மதுக்கூடமும் கடையும் தொலைவாயின. தொலைக்காட்சிப் பெட்டிகள் பழைய தெருவைவிட அந்தப் புதிய குடியிருப்பில்தான் மிகுதியாக இருந்தன. இந்த வரிசையைக் கூர்ந்து நோக்கவேண்டும். தொலைக்காட்சி வந்ததால் உறவு அறுபடவில்லை. உறவு அறுந்த வீட்டில், அந்த வெறுமையை நிரப்பத் தொலைக்காட்சி வந்தது. திட்டமிட்டவர்கள் வீடு கட்டினார்கள், மாலைப்பொழுதைக் கட்ட மறந்துவிட்டார்கள்.

இதற்கு இன்னொரு சான்றும் உண்டு. 1960ஆம் ஆண்டின் பந்தய, சூதாட்டச் சட்டத்துக்குப் பின், மூடிய திரையரங்குகள் பல பிங்கோ கூடங்களாக மாறின. அங்கே நிரம்பி வழிந்தவர்கள் பெரும்பாலும் தொழிலாளர் குடும்பத்துப் பெண்கள். வீட்டில் தொலைக்காட்சி இருந்தது. இருந்தும் எழுந்து வந்தனர். தமக்குக் கட்டுப்படியாகும் செலவில், தோழிகளோடு, யாருக்கும் விளக்கம் சொல்லாமல் அமரக்கூடிய இடம் ஒன்று கிடைத்தபோது திரையால் அவர்களைப் பிடித்துவைக்க முடியவில்லை. பிங்கோவை இழிவாகப் பேசிய அறிவாளர்கள் அன்று ஏராளம். ஒரு பெண் தனக்காக வெளியே வந்து அமரும் மாலை என்ற அளவில் எனக்கு அது பெரிய செய்தியாகவே படுகிறது.

இவ்வளவு சொல்வதால், இழப்பே இல்லை என்று நான் வாதிடுவதாகக் கொள்ளவேண்டாம். இழப்பு உண்டு. அதைச் சரியான இடத்தில் தேடவேண்டும். மியூசிக் ஹால் கலைஞர் ஒருவர் ஒரே நகைச்சுவைத் துண்டை ஊர் ஊராகக் கொண்டுசென்று ஆண்டுக்கணக்கில் பிழைத்தார். வானொலியில் அதை ஒருமுறை சொன்னால் ஒரே இரவில் நாடு முழுவதும் கேட்டுத் தீர்த்துவிடும். மறுவாரம் புதியது வேண்டும். சிலர் அதனால் பெரும்புகழ் பெற்றனர். பலர் பிழைப்பை இழந்தனர். அந்த அரங்குகளில் பார்வையாளர்களும் பல்லவியைச் சேர்ந்து பாடினர், பிடிக்காவிட்டால் கூச்சலிட்டனர். வானொலிப் பெட்டியோடு சேர்ந்து பாடலாம், ஆனால் அது உங்கள் குரலைக் கேட்காது. 1953 முதல் முப்பதாண்டுகள் பிபிசி தொலைக்காட்சி, லீட்ஸ் நகரின் பழைய அரங்கொன்றிலிருந்து மியூசிக் ஹால் பாணி நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. பார்வையாளர்கள் அக்கால உடையணிந்து வந்தனர். உயிரோடிருந்த கலை, வேடமிட்டுப் பார்க்கும் நினைவாகிவிட்டது.

என் துறை சார்ந்த இழப்பும் ஒன்றுண்டு. 1926இல் பிபிசி அமைத்த பேச்சு ஆங்கிலக் குழுவில் கவிஞர் ராபர்ட் பிரிட்ஜஸ், பெர்னார்ட் ஷா, ஒலியியல் அறிஞர்கள் டேனியல் ஜோன்ஸ், லாயிட் ஜேம்ஸ் போன்றோர் இருந்தனர். அறிவிப்பாளர் எச்சொல்லை எவ்வாறு ஒலிக்கவேண்டும் என்று அவர்கள் கூடி முடிவெடுத்தனர். யார்க்‌ஷயர் வட்டாரப் பேச்சுச் சாயலுடைய வில்ஃப்ரெட் பிக்கிள்ஸ் 1941இல் நாடு தழுவிய செய்தியை வாசித்தபோது எதிர்ப்பு எழுந்தது. வடக்கத்திக் குரல் நகைச்சுவைக்கு ஏற்றது, செய்திக்கு ஏற்றதன்று என்ற எண்ணம் வடக்கிலும் பலருக்கு ஊறியிருந்தது. தம் வீட்டுக் கணப்படுப்பின் அருகிலேயே தம் பேச்சு குறைவானது என்று மக்கள் நாள்தோறும் கேட்டுப் பழகினர். மதுக்கூடம் காலியானதைவிட இதுவே ஆழமான காயம் என்பது என் துணிபு.

பேறும் இருந்தது. 1953 ஜூன் 2 அன்று இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழாவைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் சுமார் 2 கோடிப் பேர். அவர்களில் தம் சொந்த வீட்டில் பார்த்தோர் ஏறத்தாழ 78 லட்சம்தான். ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் அண்டை வீட்டிலோ நண்பர் வீட்டிலோ அமர்ந்து பார்த்தனர். அயலார் வாசல்களை அடைத்ததாகக் குற்றஞ்சாட்டப்படும் கருவி, அன்று அவற்றைத் திறந்து வைத்தது. வீட்டுக்கொரு பெட்டி வந்தபின் அந்த வாசல்கள் மூடிக்கொண்டன என்பது உண்மை. எனினும் பொழுது பொதுவாகவே இருந்தது. 1990 ஜூலை 4 அன்று உலகக் கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்து மேற்கு ஜெர்மனியிடம் பெனால்டியில் தோற்றது. ஆட்டம் முடிந்தவுடன் மின் தேவை ஒரே வீச்சில் சுமார் 2,800 மெகாவாட் ஏறியது. லட்சக்கணக்கான வீடுகளில் ஒரே நிமிடத்தில் மின்கெண்டிகளில் தேநீருக்குத் தண்ணீர் கொதித்தது. கூட்டம் இடத்தால் கலைந்திருந்தது, காலத்தால் கூடியிருந்தது. மறுநாள் காலை பேருந்திலும் பணியிடத்திலும் அந்நியர் இருவர் பேசத் தொடங்குவதற்கு அது போதுமானதாயிருந்தது.

இப்போது என் விடுதிக்கு வருகிறேன். பொது அறையில் ஒரு தொலைக்காட்சி இருக்கிறது. அதன் முன் யாரும் இல்லை. இரவு ஒன்பது மணிக்கு ஒவ்வொரு கட்டிலிலும் ஒருத்தி, காதில் ஒலிப்பானுடன், தனக்கான திரையில் தனக்கான நேரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறாள். 1922ஆம் ஆண்டின் காதொலிப்பான் மீண்டும் வந்துவிட்டது. பொதுப்பொழுது என்ற ஒன்று நழுவிப்போகிறது என்பதை நானும் உணர்கிறேன். அந்த மட்டில் பேராசிரியரின் கவலை என் கவலையும்கூட.

ஆனால் அதே ஒன்பது மணிக்குத்தான் எங்கள் மகளிர் விடுதியின் வெளிக்கதவு சாத்தப்படுகிறது. நூலகம் அதற்குப் பின்னும் திறந்திருக்கிறது, தேநீர்க்கடை திறந்திருக்கிறது, மைதானத்தில் விளக்கெரிகிறது. அங்கே ஆண் மாணவர்கள் இருக்கிறார்கள். எங்கள் மாலைப்பொழுதைக் கைபேசி திருடிவிட்டது என்று சொல்பவர்கள், கைபேசி கைக்கு வருமுன் அந்த மாலை எங்களுக்கு எவ்வளவு இருந்தது என்று ஒருமுறை கேட்கவேண்டும். பார்ட்டன் ஹில் பெண்களிடம் இருவர் நேரில் சென்று கேட்டார்களே, அதுபோல.

பிரிட்டனின் வரலாற்றிலிருந்து நான் கற்றது இவ்வளவே. கருவி வருமுன் இருந்த ஏற்பாடு யாருக்கு ஏற்றதாயிருந்தது, கருவி வந்தபோது நேரத்தை வகுத்தவர் யார், திரையை விட்டு எழுந்து வருவோருக்கு வெளியே என்ன வைத்திருக்கிறோம் என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை தேடாமல் பெட்டியையோ பேசியையோ பழிப்பது எளிது. பிங்கோ கூடங்கள் நிரம்பியதை நினைவில் வையுங்கள். கதவைத் திறந்தால் மனிதர்கள் வருவார்கள்.

மாற்றுக் கருத்துடையோர் எழுதுக, உரையாடுவோம். அந்தப் பேராசிரியர் இதை வாசிக்க நேர்ந்தால், அன்று தலையசைத்ததற்கு என் மன்னிப்பைக் கோருகிறேன்.